சாலை விபத்தும் சட்டம் அளிக்கும் நட்ட ஈடும்

பால்மரத் தோட்டங்களில் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடுகின்றது. பிரட்டுக்கு நேரமாகிவிடுமே என்ற பதற்றத்தில், இருள் விலகாத வேளையிலேயே தொழிலாளர்கள் சாலைக்கு வந்துவிடுகின்றனர். முன்னாளில் இலயத்திலிருந்து வேலைக்காட்டிற்கு நடந்தே சென்றனர். பின்னர்ப் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. இன்று தொழிலாளர் குடும்பங்கள் பல தோட்டத்திற்கு வெளியே தாமான்களில் குடியிருந்துகொண்டு, மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்து திரும்புகின்றன. அதனால் சாலை விபத்து என்பது பட்டணத்தாரின் கவலை மட்டுமே என்று நாம் இருந்துவிட முடியாது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,152 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். 2019ஆம் ஆண்டில் அத்தொகை 6,167. இவ்வாறு மாள்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றவர்களுமே ஆவர். வருமானம் ஈட்டிய ஒருவர் படுக்கையில் விழுந்தாலோ உயிரிழந்தாலோ, அடுத்த மாத மளிகைக் கடன் முதல் பிள்ளைகளின் பள்ளிச் செலவு வரை அனைத்தும் ஒரே நாளில் தடுமாறிப் போகின்றன. சட்டம் அக்குடும்பத்திற்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றது. ஒன்று பெர்கேசோ, நம்மில் பலர் இன்றும் அதனைச் சொக்சோ என்றே வழங்குகின்றோம். மற்றொன்று, விபத்துக்குக் காரணமான வாகனத்தின் காப்புறுதி. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றுக்கு மனுச் செய்துவிட்டு மற்றொன்றை மறந்துவிடுகின்றனர். அல்லது தவணை கடந்த பிறகு விசாரிக்கின்றனர்.

விபத்து நேரும் விதம்

தோட்டத்து மண்பாதை தார்ச் சாலையோடு வந்து சேருமிடமே நம்மவர்க்கு மிகவும் ஆபத்தான இடமாகும். நாள்தோறும் கடக்கும் பாதையாதலால், அங்கே நின்று இருபுறமும் பார்க்கும் வழக்கம் நாளடைவில் மறைந்துவிடுகின்றது. தார்ச் சாலையில் வரும் லாரியோட்டிக்கோ, மரங்களுக்கிடையே ஒரு பாதை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள், விளக்கே இல்லாத சைக்கிள், இருபுறமும் தொங்கும் பால் தோம்பு, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி ஆகியவையெல்லாம் சேர்ந்தால் பிரேக் போட்ட இடத்தில் வண்டி நிற்பதில்லை. மழை பெய்து ஓய்ந்த சாலையில் செம்மண் படிந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளோட்டிகள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதி 1973ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றது. பகலிலும் முன்விளக்கை எரிய விடவேண்டும் என்னும் விதி 1992இல் வந்தது. இவை சம்மனுக்காக ஏற்பட்டவை என்று எண்ணுவோர் உளர். கடைக்குத்தானே போகிறோம் என்று தலைக்கவசத்தை வீட்டிலேயே மாட்டிவிட்டுச் செல்வோரும் உளர். வாரையைப் பிடித்துப் பூட்டாத தலைக்கவசம் விழும்பொழுது தலையில் இருப்பதில்லை. மதுவைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வாகனமோட்டுவது குற்றமாகும். முன்பு இவ்வளவு 80ஆக இருந்தது. தண்டனையும் பன்மடங்கு கடுமையாக்கப்பட்டுள்ளது.

பதினாறு வயது நிரம்பாத, உரிமமில்லாத மகனிடம் வண்டியைக் கொடுத்தனுப்பும் தந்தையர் ஒன்றை அறிதல் வேண்டும். உரிமமற்றவரை ஓட்ட அனுமதிக்கும் வாகன உரிமையாளரும் சட்டப்படி குற்றவாளியே.

காரணங்களை இங்கே விரித்துக் கூறுவதற்கு மற்றொரு நோக்கமும் உண்டு. நட்ட ஈட்டு வழக்கில் நீதிமன்றம் முதலில் கேட்பது, யாருடைய கவனக்குறைவு என்பதையே. எதிர்தரப்பின் தவறு முழுமையாக இல்லாமல், அடிபட்டவரும் ஒரு பங்கு தவறு செய்திருந்தால், அந்தப் பங்கின் அளவுக்கு நட்ட ஈடு குறைக்கப்படும். பின்விளக்கு எரியவில்லை என்பது அன்று சிறு விஷயம். வழக்கில் அதுவே நூற்றுக்கு இருபது, முப்பது என்று கழிவாக வந்து நிற்கலாம்.

முதல் 24 மணி நேரம்

விபத்தில் தொடர்புடைய வாகனமோட்டி உடனே வண்டியை நிறுத்தவேண்டும். அடிபட்டவருக்கு இயன்ற உதவி செய்யவேண்டும். தம் விவரங்களைத் தரவேண்டும். 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யவேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இவற்றைக் கடமையாக்கியுள்ளது. நம் தரப்பில் அடிபட்டவர் மருத்துவமனையில் கிடந்தால், குடும்பத்தார் ஒருவர் போலீஸ் நிலையம் சென்று விவரத்தைப் பதிந்துவிடுதல் நலம். அவர் தேறியதும் தம் வாக்குமூலத்தைத் தரலாம்.

புகாரில் எழுதப்படுவதே பின்னாளில் வழக்கின் அடித்தளம் ஆகின்றது. எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குச் சென்றோம், எந்த மைல்கல் அல்லது எந்தத் தோட்டத்து நுழைவாயில், மற்ற வாகனம் எப்பக்கமாக வந்தது, அதன் பதிவெண் என்ன என்பவற்றைத் தெளிவாகக் கூறவேண்டும். மலாய் மொழியில் சரளமாகக் கூற இயலாதவர், நன்கு அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிடவேண்டும். அவசரத்தில் “மோதிவிட்டேன்” என்று பதிந்துவிட்டு, பின்னர் “அவர்தான் வந்து மோதினார்” என்று மாற்ற முயலுவோர் படும் பாடு கொஞ்சமன்று.

வாகனத்தின் பதிவெண்ணே அனைத்திற்கும் திறவுகோல். எண் தெரிந்தால் உரிமையாளரையும் காப்புறுதி நிறுவனத்தையும் கண்டுபிடித்துவிடலாம். மோதிவிட்டு ஓடிய வாகனத்தின் எண் எவருக்கும் தெரியாமற்போனால், வழி மிகவும் குறுகிவிடும். இன்று பெரும்பாலோர் கையில் படம் பிடிக்கும் தொலைபேசி உள்ளது. வண்டிகளை அகற்றுமுன் அவை கிடந்த நிலை, டயர்த் தடம், உடைந்த விளக்கு ஆகியவற்றைப் படம் எடுத்து வைக்கலாம். கண்ணால் கண்டவர் எவரேனும் இருப்பின் அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அன்றே வாங்கிவிடவேண்டும். பத்து நாள் கழித்துத் தேடினால் ஆள் கிடைப்பது அரிது.

போலீசார் விபத்து நடந்த இடத்தின் வரைபடம் தயாரிப்பர், படங்களும் எடுப்பர். புகாரின் நகல், வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். போலீசார் உங்கள் தரப்பில் தவறு என்று கருதிச் சம்மன் கொடுத்தாலும், நட்ட ஈட்டு வழக்கின் தீர்ப்பு அதனாலேயே முடிந்துவிடுவதில்லை. ஆனால், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினால், பின்னர் அதனை உங்களுக்கு எதிராகச் சான்று காட்ட இயலும். ஆகவே அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.

சாலையோரத்திலேயே “ஐந்நூறு வெள்ளி தருகிறேன், புகார் வேண்டாம்” என்று கூறுவோர் உண்டு. வெளியே காயம் தெரியாமல் உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம். தலையில் இரத்தம் கட்டியிருக்கலாம். அதனை அறியாமல் அப்பணத்தை வாங்குவது அறியாமையே ஆகும்.

வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்தால்

1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பெர்கேசோ இயங்கி வருகின்றது. வேலை செய்யும் இடத்தில் நேர்ந்த விபத்து மட்டுமே அதில் அடங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டிலிருந்து வேலையிடத்திற்கும், வேலையிடத்திலிருந்து வீட்டிற்கும் செல்லும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். வேலைக்கு நேரடித் தொடர்புடைய பயணமும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் உணவுண்ணச் சென்று வரும் பயணமும் அவ்வாறே. இங்கே யாருடைய தவறு என்னும் வழக்கு எழுவதில்லை. மரத்தில் தானே சென்று மோதியவருக்கும் உதவி உண்டு.

இதில் ஒரு முக்கிய நிபந்தனை உள்ளது. பயணம் இடையில் முறியாமலும், பாதை விலகாமலும் இருத்தல் வேண்டும். வேலை முடிந்து, வீட்டிற்கு எதிர்த்திசையிலுள்ள நண்பரைக் காணச் சென்ற வழியில் விபத்து நேர்ந்தால், அது வேலை விபத்தாக ஏற்கப்படுவது கடினம். ஆகவே எந்நேரம் வேலை முடிந்தது, எந்நேரம் விபத்து நேர்ந்தது, எச்சாலையில் நேர்ந்தது என்பவை மிகவும் முக்கியம். வழக்கமாகச் செல்லும் வழியின் வரைபடத்தைப் பெர்கேசோ கேட்கும். அன்றைய வருகைப் பதிவையும் பார்க்கும். கிராணியாரிடம் சொல்லி அப்பதிவின் நகலைக் கேட்டு வைத்துக்கொள்வது முன்யோசனையுள்ள செயலாகும்.

விபத்தை அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி பெர்கேசோவிற்கு அறிவிக்க வேண்டும். ஆதலால், அடிபட்டவரோ குடும்பத்தாரோ மண்டோரிடம் வாயால் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், தோட்ட அலுவலகத்திற்குச் சென்று எழுத்து மூலமாகத் தெரிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளவேண்டும். நிர்வாகம் காலம் தாழ்த்தினால் அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்தை நேரடியாக அணுகலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் தங்கள் வட்டாரச் செயலாளரின் உதவியையும் நாடலாம்.

விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக இயலாமை உதவித்தொகை கிடைக்கும். கணக்கிடப்படும் அன்றாடச் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு அது. எம்.சி. சீட்டுகளில் ஒரு நாள் விடுபட்டாலும் தொகையில் சிக்கல் வரும். எனவே அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வைக்கவேண்டும். கை கால் இழப்பு, பார்வை இழப்பு போன்ற நிரந்தர இயலாமையை மருத்துவ வாரியம் மதிப்பிடும். மதிப்பீடு நூற்றுக்கு 20க்கு மேற்படாவிடில் முழுத் தொகையையும் ஒரே தடவையில் பெறலாம். அதற்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் எஞ்சியதைக் காலமுறைத் தொகையாகவும் பெற வழியுண்டு. மதிப்பீடு குறைவென்று கருதினால் மேல்முறையீடு செய்யலாம்.

தொழிலாளி இறந்தால், சார்ந்திருப்போர் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் சேரும். பிள்ளைகள் 21 வயதாகும்வரை அல்லது மணமாகும்வரை பெறுவர். முதல் பட்டப்படிப்பைத் தொடர்வோர் அதனை முடிக்கும்வரை பெறலாம். ஞாயிற்றுக்கிழமை திருமணத்திற்குச் சென்ற வழியில் இறந்தவரின் குடும்பம், “வேலை நாளன்று, எனவே ஒன்றுமில்லை” என்று ஒதுங்கிவிடக் கூடாது. போதிய சந்தா செலுத்தியிருந்தால், இயலாமைத் திட்டத்தின்கீழ் எஞ்சியோர் ஓய்வூதியம் கிடைக்கக்கூடும். மனுச் செய்து பார்த்தாலன்றி அது தெரியாது.

வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் பெர்கேசோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத்தவருக்கோ இந்தோனேசியருக்கோ இச்செய்தி தெரியாதிருக்கலாம்; நாம் கூறலாம்.

மற்ற வாகனத்தின் காப்புறுதி

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்திற்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். பிறருக்கு ஏற்படும் காயத்திற்கும் உயிரிழப்பிற்கும் அது பொறுப்பேற்கின்றது. காப்புறுதியில்லாத வாகனம் மோதியிருந்தால், மோட்டார் காப்புறுதியாளர்கள் சேர்ந்து அமைத்துள்ள எம்.ஐ.பி. என்னும் அமைப்பை அணுக வழியுண்டு.

பலர் அறியாத ஒரு செய்தி இங்குள்ளது. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வருபவருக்கும், தனியார் காரில் உடன் வருபவருக்கும், அவர்கள் ஏறி வந்த வாகனத்தின் கட்டாயக் காப்புறுதி பொறுப்பேற்பதில்லை. எதிரே வந்த லாரி தவறு செய்திருந்தால் லாரியின் காப்புறுதியிடம் கோரலாம். கணவர் தாமே சறுக்கி விழுந்து, பின்னாலிருந்த மனைவியின் கால் முறிந்தால், அந்த வண்டியின் சாதாரணக் காப்புறுதியிலிருந்து எதுவும் வராது. காரில் பயணிகளுக்கான பொறுப்பைக் கூடுதல் சந்தா செலுத்திச் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை சாலை வரி புதுப்பிக்கும்போது இதனைக் கேட்டுப் பாருங்கள்.

காயமடைந்தவர் வலிக்கும் துன்பத்திற்கும், மருத்துவச் செலவிற்கும், இழந்த சம்பளத்திற்கும், இனி இழக்கவிருக்கும் வருமானத்திற்கும் கோரலாம். மருத்துவமனைக்குச் சென்று வந்த டாக்சிச் செலவின் ரசீது வரை அனைத்தும் தேவைப்படும். தீபகற்ப மலேசியாவில் காயத்திற்கான வழக்கை 6 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அடிபட்டது சிறுவனாயின், அவனுக்கு 18 வயது நிரம்பிய பிறகே அந்த 6 ஆண்டு கணக்கிடப்படும். வாகனம் அரசாங்கத்திற்குரியதாயின் 3 ஆண்டே தவணை. உயிரிழப்பில் சார்ந்திருப்போர் தொடுக்கும் வழக்கிற்கும் 3 ஆண்டே. துக்கத்திலேயே முதல் ஆண்டு கழிந்துவிடும். இரண்டாவது ஆண்டு உறவினர்களின் யோசனையில் கழியும். நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைப்பதில் தவறில்லை. சாலை விபத்து வழக்குகளைப் பொறுத்தவரை, தொகை எவ்வளவாயினும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை.

உயிரிழப்பில் தொகை கணக்கிடப்படும் முறை

1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் இறந்தவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு உரிமை அளிக்கின்றது. துயர ஈடாக அளிக்கப்பட்டு வந்த 10,000 வெள்ளி, 2019 செப்டம்பர் 1 முதல் 30,000 வெள்ளியாக உயர்ந்தது. இறந்தவர் குடும்பத்திற்குக் கொடுத்து வந்த ஆதரவுத் தொகை தனியே கணக்கிடப்படும்.

எடுத்துக்காட்டாக, 40 வயதுத் தொழிலாளி ஒருவர் மாதம் 1,800 வெள்ளி சம்பாதித்து, தம் சொந்தச் செலவு 600 வெள்ளி போக, 1,200 வெள்ளியைக் குடும்பத்திற்குக் கொடுத்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வயது 31 முதல் 59 வரை இருப்பின், 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்கவேண்டும். 60இல் 40 போக 20. அதில் பாதி 10 ஆண்டு. ஆண்டுக்கு 14,400 வீதம் 10 ஆண்டுக்கு 1,44,000 வெள்ளி. துயர ஈட்டையும் சேர்த்தால் 1,74,000. இறந்தவர் மீதும் நூற்றுக்கு 30 பங்கு தவறு என்று தீர்ப்பானால், குடும்பத்திற்குக் கிடைப்பது 1,21,800. 30 வயதும் அதற்குக் குறைவுமானவர்க்கு 16 ஆண்டு என்பது நிலையான கணக்கு. 60 வயது நிரம்பியவர் இறந்தால், அவருடைய வருமானம் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.

வருமானம் உண்மை என்பதை மெய்ப்பிக்கவேண்டும். சம்பளச் சீட்டைப் பெட்டியில் பத்திரமாக வைப்பவர் சிலரே. மாடு வளர்த்துப் பால் விற்றது, காய்கறி பயிரிட்டது போன்ற துணை வருமானத்திற்குக் கடைக்காரரின் ரசீதோ வங்கிக் கணக்குப் புத்தகமோ இருந்தால்தான் நீதிமன்றம் ஏற்கும்.

இதனினும் வருந்தத்தக்க இடர்ப்பாடு ஒன்றுண்டு. கோயிலில் தாலி கட்டி இருபது ஆண்டு வாழ்ந்த பிறகும், திருமணத்தைப் பதிவு செய்யாத தம்பதியர் தோட்டங்களில் இன்றும் உளர். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பதிவு கட்டாயமாகிவிட்டது. கணவர் இறந்த பின், “நான் அவர் மனைவி” என்று காட்டச் சான்றிதழ் இல்லாத பெண், பெர்கேசோவிலும் சரி, நீதிமன்றத்திலும் சரி, வாசலிலேயே நிறுத்தப்படுகின்றாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இல்லாதிருந்தால் அவர்கள் நிலையும் அதுவே. இதனைச் சரிசெய்யும் நேரம் இருவரும் உயிரோடிருக்கும்போதே.

மருத்துவமனை வாசலில் வரும் தரகர்

விபத்து நடந்த மறுநாளே, முன்பின் அறியாத ஒருவர் பழக்கூடையோடு படுக்கையருகே வந்து நிற்பார். பேச்சு இனிமையாக இருக்கும். “அண்ணே, நீங்கள் ஒன்றும் அலைய வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்பார். முன்பணமாகச் சில நூறு வெள்ளியும் கொடுப்பார். கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தமக்கு என்பதை மெல்லக் கூறுவார், கூறாமலும் விடுவார்.

வென்றால் மட்டுமே கட்டணம் என்றோ, வெற்றித் தொகையில் இத்தனை பங்கு என்றோ வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்துகொள்வதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் தடை செய்கின்றது. தரகரோ வழக்கறிஞரே அல்லர். எழுதப்படாத தாளில் கையொப்பமிடுவதும், அடையாள அட்டையையும் எம்.சி. மூலச் சீட்டுகளையும் அவரிடம் ஒப்படைப்பதும் கூடவே கூடாது. குடும்பத்தார் வழக்கறிஞரின் அலுவலகத்திற்குத் தாமே சென்று, வழக்கறிஞரை நேரில் கண்டு, கட்டணத்தை எழுத்தில் கேட்டு, வழக்கு எண்ணையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வழக்குத் தொடுக்குமுன்போ, தொடுத்த 7 நாள்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். அனுப்பியாயிற்றா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவர்கள் சட்ட உதவித் துறையின் அலுவலகத்திலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை பெறலாம்.

காப்புறுதி நிறுவனம் நீதிமன்றத்திற்கு வெளியே ஒரு தொகையைக் கொடுத்து முடிக்க முன்வரலாம். அது தவறன்று, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வதைவிட நன்மையாகவும் இருக்கலாம். ஆனால், முழுமையும் இறுதியுமான தீர்வு என்னும் பத்திரத்தில் கையொப்பமிட்ட பிறகு, கால் மீண்டும் சீழ் பிடித்தாலும் அடுத்த கோரிக்கைக்கு இடமில்லை. எலும்பு கூடிவிட்டதா, இன்னும் அறுவை உண்டா என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பின்னரே அதுபற்றி முடிவு செய்யலாம். அடிபட்டது சிறுவனாயின், பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அத்தீர்வு செல்லாது. அவனுக்குரிய பணத்தை எவ்வாறு வைத்திருப்பது, எப்போது கொடுப்பது என்பதையும் நீதிமன்றமே கூறும். அவன் படிப்பிற்கோ சிகிச்சைக்கோ இடையில் பணம் தேவைப்பட்டால், பெற்றோர் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்திடம் மனுச் செய்து கேட்கலாம்.